பிளஸ் டூவில் 98 சதவீதம் வந்தால் எம்ஐடியில் இடம் கிடைக்குமா?

குரோம்பேட்டை எம்ஐடி இல்லை, அமெரிக்காவில் மாசசூசெட்ஸில் இருப்பதைத்தான் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். மார்க் மட்டும் போதாது. விண்ணப்பிப்பவர்களில் பெரும்பாலானோர் உங்களைப் போலவே மார்க் வைத்திருப்பவர்கள்தான், ஆனால் நூற்றுக்கு ஐந்து பேருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை, வெளிநாட்டு மாணவர்களுக்கு இன்னும் நெருக்கடி.

எம்ஐடி காமன் ஆப்பில் (பல அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் பொதுத் தளம்) இல்லை, சொந்தத் தளத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். எஸ்ஏடி அல்லது ஏசிடி என்ற அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைத் தேர்வு கட்டாயம் (கொரோனா சமயத்தில் விட்டிருந்தார்கள், 2022இல் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள்). பரிந்துரைக் கடிதம் இரண்டு: ஒன்று கணக்கு அல்லது அறிவியல் ஆசிரியரிடம், இன்னொன்று மொழி, வரலாறு மாதிரிப் பாடம் எடுப்பவரிடம். தமிழ் ஐயாவை இப்போதே பிடித்து வையுங்கள்!

நம் பிள்ளைகள் சறுக்குவது கட்டுரையில்தான். நீளமான ஒரே கட்டுரை கிடையாது, சின்னச் சின்னக் கேள்விகள். சும்மா சந்தோஷத்துக்காக என்ன செய்வீர்கள் என்று ஒரு கேள்வி வரும், அதற்குப் போய் ஒலிம்பியாட் பயிற்சி என்று எழுதாதீர்கள். பழைய மிக்ஸியைப் பிரித்து மோட்டாரை எடுத்து எதையோ சுற்றவிட்டீர்கள் என்றால் அதை எழுதுங்கள். படிப்புக்கு வெளியே செய்யும் செயல்பாடுகளுக்கு விண்ணப்பத்தில் நான்கே இடம்தான், சான்றிதழ்க் கட்டு அங்கே செல்லாது.

அப்புறம் பணம். உதவித்தொகை கேட்டால் இடம் தரமாட்டார்கள் என்ற பயம் இங்கே வேண்டாம், வெளிநாட்டு மாணவர் என்றாலும் குடும்ப வருமானத்தைப் பார்த்து இடத்தை முடிவு செய்வதில்லை.