பட்டியும் வெல்டிங்கும்: உங்கள் கேள்விகள்

கேள்வி: காரின் தகட்டுப் பள்ளத்தை நிரப்பப் பூசும் பட்டியில் ஹார்டனரை (பட்டியை இறுகவைக்கக் கலப்பது) கூடுதலாகக் கலந்தால் சீக்கிரம் காயுமா?

பதில்: காயும். அப்புறம் பெயிண்டில் கறை ஏறும். பட்டியின் எடையில் சுமார் 2 சதவீதம்தான் கணக்கு.

கேள்வி: பழைய கார் வாங்கினேன். பெயிண்ட் பளபளவென்று இருந்ததால் வேறெதுவும் பார்க்கவில்லை. இப்போது கதவில் விரிசல். என்ன செய்யலாம்?

பதில்: பணம் கொடுப்பதற்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைக் கதவில் நகர்த்திப் பார்த்திருந்தால் போதும், பட்டி கனமாக உள்ள இடத்தில் பிடிப்பு தளர்ந்திருக்கும் (அலுமினியத் தகட்டில் மட்டும் இது பலிக்காது). இனி பட்டியைச் சுரண்டி, தகட்டை நிமிர்த்தி, புதிதாகப் பூசுவதுதான் வழி.

கேள்வி: கதவுக்குக் கீழே துரு ஓட்டை. வெல்டிங் செய்வதாகச் சொல்லிப் பணம் வாங்கினார்கள். எட்டு மாதத்தில் அதே இடத்தில் பெயிண்ட் கொப்புளித்துவிட்டது. தவறு என்னுடையதா?

பதில்: இல்லவே இல்லை, உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். ஓட்டையில் வலையை அடைத்து மேலே பட்டி பூசியிருக்க வாய்ப்பு அதிகம். நான் வாங்கிய பழைய கார் ஒன்றில் அப்படித்தான், ஜாக்கி வைத்ததும் அந்த இடம் பொடிப்பொடியாக உதிர்ந்தது, அன்று வந்த கோபம் இன்னும் போகவில்லை. பட்டி ஈரத்தை உறிஞ்சும். பின்பக்கத்திலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருக்கும்போது மேலே எத்தனை கோட் பெயிண்ட் அடித்தாலும் துரு நிற்காது. துருவைத் தாண்டி நல்ல தகடு வரும்வரை வெட்டி, அதே கனத்தில், அதாவது பெரும்பாலும் 0.7, 0.8 மி.மீ. தகட்டில், புதுத் துண்டு வைத்துப் பற்றவைக்க வேண்டும். அதையும் ஒரே இழுப்பில் இழுத்தால் சூட்டில் தகடு நெளியும், தள்ளித் தள்ளிப் புள்ளி வைத்து ஆறவிட்டுச் செய்ய வேண்டும். உட்பக்கம் துருத்தடுப்பு மெழுகு அடிக்க வேண்டும். பட்டி கடைசியில்தான், மேடுபள்ளத்தைச் சமன் செய்ய, 3 மி.மீ. கனத்துக்குள். இதில் நேரம் பிடிக்கும் வேலையையெல்லாம் விட்டுவிட்டுப் பட்டியை மட்டும் அப்பியவர்கள் வெல்டிங்குக்குக் கூலி வாங்கியது திருட்டு. பில்லை எடுத்துக்கொண்டு போய், அவர்கள் முன்னாலேயே அந்த இடத்தைச் சுரண்டிப் படமெடுத்துப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். அடுத்த இடத்தில் பெயிண்டுக்கு முன் வெறும் தகட்டைக் காட்டச் சொல்லுங்கள், காட்ட மறுத்தால் வண்டியை விடாதீர்கள்.

கேள்வி: வண்டியில் வெல்டிங் செய்யும்போது பேட்டரியைக் கழற்ற வேண்டுமா?

பதில்: ஆமாம், முதலில் நெகட்டிவ் முனையை.