5 மணி நேரமா, 120 மணி நேரமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில், ஃப்ரீமாண்ட்டில் இருக்கிறேன். வேலை அனுமதி வந்துவிட்டது. முதியவர்களை அவர்கள் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போக விருப்பம். 5 மணி நேரப் பயிற்சி போதும் என்கிறது ஏஜென்சி. 120 மணி நேரம் படித்தாக வேண்டும் என்கிறாள் தோழி. எது சரி?

பதில்: இரண்டும் சரி. அவர்கள் சொல்வது வெவ்வேறு வேலைகளை.

குளிக்க வைப்பது, உடை மாற்றுவது, சமைத்துக் கொடுப்பது, துணைக்கு இருப்பது எல்லாம் ‘ஹோம் கேர் எய்ட்’ வேலை. இதைக் கவனிப்பது மாநில சமூக சேவைத் துறை. 2016 முதல், ஏஜென்சி வழியாக இந்த வேலைக்குப் போகிறவர்கள் அத்துறையின் பதிவேட்டில் இருக்க வேண்டும். அதற்கு ‘லைவ் ஸ்கேன்’ நிலையத்தில் கைரேகை கொடுத்து, குற்றப் பின்னணிச் சோதனையில் தேற வேண்டும். காசநோய்ப் பரிசோதனையை வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய 90 நாட்களில், இல்லையென்றால் சேர்ந்த 7 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். அப்புறம் 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை.

‘ஹோம் ஹெல்த் எய்ட்’ வேறு. நர்ஸின் மேற்பார்வையில் நோயாளிகளைக் கவனிக்கிற வேலை அது. சான்றிதழ் தருவது பொதுச் சுகாதாரத் துறை. மெடிகேர் (முதியோருக்கான மத்திய அரசின் மருத்துவக் காப்பீடு) வழியாகச் சேவை தரும் ஏஜென்சிகளுக்கு மத்திய அரசு கேட்பது குறைந்தது 75 மணி நேரம். கலிஃபோர்னியா கேட்பது 120. ஏற்கெனவே சான்று பெற்ற நர்ஸிங் உதவியாளர் என்றால் 40 போதும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் முதல் வேலைதான் பொருந்துகிறது. அந்த 5 மணி நேரத்தில் 2 மணி நேரம் வேலை அறிமுகம். 3 மணி நேரம் பாதுகாப்பு, அவசர நடவடிக்கை, தொற்றுத் தடுப்பு. முதல் வீட்டுக்குள் கால் வைக்கும் முன்பே இதை முடித்திருக்க வேண்டும். அதன்பிறகு ஆண்டுதோறும் இன்னொரு 5 மணி நேரம். “கையெழுத்து மட்டும் போடுங்கள், வகுப்பு பிறகு பார்க்கலாம்” என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு பெரியவரைக் கட்டிலிலிருந்து எழுப்பும்போது எங்கே பிடிப்பது என்று தெரியாமல் போனால், விழுவது அவர்தான்.

ஏஜென்சிக்கு மாநில உரிமம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். மெடி-கால் (வருமானம் குறைந்தவர்களுக்கான மாநில மருத்துவக் காப்பீடு) வழியாக, வீட்டிலேயே பராமரிப்புத் தரும் ‘ஐஎச்எஸ்எஸ்’ திட்டத்தில் பணிபுரிவதற்குக் கவுன்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) நடத்தும் வேறு பதிவுமுறை உண்டு.

பலர் கவனிக்காத ஒன்று: முதியவருக்குக் கொடுமை நடப்பதாகச் சந்தேகம் வந்தால், சட்டப்படி நீங்கள் புகார் தந்தே ஆக வேண்டும். செய்வது அவருடைய சொந்தப் பிள்ளையாகவே இருந்தாலும் சரி. கவுன்டியின் முதியோர் பாதுகாப்புப் பிரிவுக்கோ போலீசுக்கோ உடனே தெரிவித்து, 2 வேலை நாட்களுக்குள் எழுத்திலும் கொடுக்க வேண்டும்.