மாத்திரையைத் துப்பும் பையன்

வணக்கம் தங்கச்சி. திருச்செங்கோடு பக்கம் ஆலோசகராகச் சேர்ந்து ஆறு மாதம், பன்னிரண்டு வயதுப் பையன் எச்ஐவி கிருமியைக் கட்டுப்படுத்தும் ஏஆர்டி மாத்திரையை மறைவாகத் துப்புகிறான், லாரி ஓட்டிய அப்பா இறந்ததிலிருந்து பேசுவதே இல்லை, ரத்தத்தில் வைரஸ் அளவு மில்லிக்கு 1000-ஐத் தாண்டிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள்.

மாத்திரையை எண்ணிப் பார்த்துத் திட்டுவதை முதலில் நிறுத்துங்கள். நாமக்கல்லில் நான் பார்த்த ஒரு பையனும் இப்படித்தான். அவன் அப்பத்தா மாத்திரை டப்பாவைக் குலுக்கிக்கொண்டே "சாப்புடு சாமி" என்பார். அந்தச் சத்தத்துக்கே அவன் தோள் இரண்டும் காதுவரை ஏறிவிடும். அப்பா படுத்திருந்த கட்டிலருகே கேட்ட சத்தமாம் அது. அவன் வாய் திறக்க நாலு மாதம் ஆனது. அதுவரை அட்டையில் 'அடம்' என்று எழுதியிருந்தோம். எனக்கு இன்றும் உறுத்துகிறது. மருத்துவரைக் கேட்டு வேளையை மாற்றினோம், மாத்திரையைச் சின்னத் துணிப்பைக்கு மாற்றினோம். அப்புறம்தான் விழுங்கினான்.

உங்கள் பையனுக்குத் தன் நோய் என்னவென்று தெரியுமா? பள்ளி வயதிலேயே சொல்லிவிட வேண்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வளர்ப்பவரையும் உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லுங்கள். அப்பா செத்ததற்குத் தானே காரணம் என்று நினைக்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் தகவல் போகக் கூடாது. 2017-ல் வந்த எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் அதற்குத் துணை நிற்கும். யாராவது அவனிடம் தப்பாக நடந்தது தெரிந்தால் மட்டும் ரகசியம் காக்க முடியாது, பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் புகார் கட்டாயம். இதை அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-ம் இருக்கிறது.

சரி, மூன்று மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டதும் வைரஸ் அளவை மறுபடி பார்ப்பார்கள். முடிவு வந்ததும் எழுதுங்கள், காத்திருக்கிறேன்.