92 டொலரில் மூடப்பட்ட கணக்கு

தம்பி, உங்கள் புறாமலைப் படகுச் சவாரி இணையத்தளத்தில் விளம்பரம் காட்டிக் காசு தரும் கூகுள் ஆட்சென்ஸில் 92 டொலர் சேர்ந்ததும் கணக்கை மூடிவிட்டார்கள், நான் ஒரு விளம்பரத்தையும் அமத்தவில்லை என்கிறீர்கள். சரி, நம்புகிறேன். ஆனால் உப்புவெளி விடுதியில் அதே வைஃபையில் இருக்கும் மச்சான்மார் உதவி என்று நினைத்து அமத்தியிருந்தால் அதுவும் உங்கள் தலையில்தான் விழும், ஆட்சென்ஸ் விதியில் சொந்தக் கிளிக்கும் கேட்டு வாங்கும் கிளிக்கும் இரண்டுமே பிழை. மேல்முறையீட்டுப் படிவத்தை அவசரப்பட்டு நிரப்பாதீர்கள். முதலில் தளத்துக்கு யார் யார் வந்தார்கள் என்ற பதிவான சேர்வர் லொக்கை இறக்கி, வருமானம் திடீரென ஏறிய நாளில் எந்த ஐபி (இணைய இணைப்பின் முகவரி எண்) திரும்பத் திரும்ப வந்தது என்று பாருங்கள். மச்சான்தான் என்றால் அதையே மறைக்காமல் எழுதுங்கள். அப்புறம், மனைவி பெயரில் புதுக் கணக்கு திறக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். நானும் ஒருமுறை அப்படிச் செய்து இரண்டையும் இழந்தவன்.