மழை அதிகமுள்ள இடத்துக்குப் பயணம் போகும்போது கேமராவையும் லென்ஸையும் எப்படிப் பாதுகாப்பது?

கேள்வி இது: பத்து நாள் மழைப் பயணம். ‘வெதர் சீல்’ செய்த கேமராவும் முதுகுப்பைக்கு ஒரு மழை உறையும் இருக்கிறது, இது போதுமா?

போதாது. மேலிருந்து விழும் மழையைத் தடுப்பது சுலபம். துடைக்காமல் பைக்குள் போட்டு நாமே மூடி வைக்கிற ஈரம்தான் பெரிய தொல்லை.

முதலில் அந்த ‘வெதர் சீல்’. மூடிகளிலும் பொத்தான்களிலும் ரப்பர் வளையமோ நுரைப்பட்டையோ வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஓஎம்-1 போல, தூசும் நீரும் எந்த அளவு புகாது என்று சொல்லும் ஐபி53 தரக்குறியீடு உள்ள கேமராக்கள் சிலவே. அந்தக் குறியீடும் மேலிருந்தோ சாய்வாகவோ தெளிக்கும் நீருக்குத்தான், அதுவும் பொருத்தமான சீல் உள்ள லென்ஸ் மாட்டியிருந்தால் மட்டும். லென்ஸைக் கழற்றி, பின்பக்க உலோக விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். மெல்லிய ரப்பர் வளையம் இல்லையென்றால், பாடி எவ்வளவு உசத்தியானாலும் அந்த இடத்தில் ஓட்டைதான். நீளும் ஜூம் லென்ஸில் இன்னொரு சிக்கல்: குழலில் ஒட்டிய நீர், சுருக்கும்போது உள்ளே போய்விடும். மழையில் ஜூமை ஆட்டாதீர்கள், ஆட்டினால் சுருக்கும் முன் குழலைத் துடையுங்கள்.

கேமராவுக்கு விலைகொடுத்து மழைச்சட்டை வாங்கலாம், ஆனால் கெட்டியான பாலிதீன் பை ஒன்றே போதும். பையின் மூடிய முனையில் லென்ஸ் ஹூடைவிட (லென்ஸின் முன்னால் மாட்டும் வளையம்) கொஞ்சம் சிறிதாக ஓட்டை வெட்டுங்கள். ஹூட் மாட்டிய லென்ஸை அதன் வழியே வெளியே தள்ளி, ஹூடின் மேல் ரப்பர் பேண்ட் போடுங்கள். ஃபோகஸ் வளையத்தின் மேல் போட்டால் அது திரும்பாது. கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரைச் சுற்றியுள்ள ரப்பர் ஐகப் கழற்றக்கூடியதாக இருந்தால் அதைக் கழற்றி, அந்த இடத்தில் சின்னக் கீறல் போட்டு, பிளாஸ்டிக்கோடு சேர்த்தே மறுபடி அழுத்தி மாட்டுங்கள். பையின் வாய் கீழ்நோக்கித் திறந்தே இருக்கட்டும், கை அதன் வழியே போகும். வாயைக் கட்டிவிட்டால் கையின் வியர்வையே உள்ளே படியும். தோள்பட்டியையும் உள்ளே இழுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நனைந்த பட்டி வழியாக நீர் பாடிக்கு இறங்கும். மைக்ரோஃபைபர் துணி நான்கைந்து, தனித்தனி ஜிப் பையில். நனைந்த துணி துடைக்காது, பூசும்.

முதுகுப்பையின் மழை உறை முதுகுப் பக்கத்தை மூடுவதில்லை. முதுகில் வழியும் நீர் பட்டைகள், தையல்கள் வழியே உள்ளே வரும். உறையின் அடிப்பகுதியில் குட்டை மாதிரித் தேங்கவும் செய்யும். அதனால் உள்ளே ஒரு நீர்புகாப் பை வையுங்கள், வாயைக் குறைந்தது மூன்று மடிப்பு சுருட்டி மூடுகிற வகை.

இனி, பலரும் கோட்டைவிடுகிற இடம். வெளியே 32 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் பனிநிலை, அதாவது காற்றிலுள்ள நீராவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 28 டிகிரி. ஏசி அறையில் 22 டிகிரிக்குக் குளிர்ந்த கேமராவை அப்படியே வெளியே கொண்டுபோனால், அது 28ஐத் தாண்டும்வரை காற்றிலிருக்கும் நீர் அதன் மேல் படிந்துகொண்டே இருக்கும். கண்ணாடியில் படிவது தெரிகிறது, உள்ளே சர்க்யூட்டில் படிவது தெரியாது. அறைக்குள்ளேயே கேமராவை ஜிப் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடி, வெளியே எடுத்துப் போய் 30 முதல் 60 நிமிடம் திறக்காமல் விடுங்கள். பெரிய லென்ஸுக்கு இன்னும் நேரம் பிடிக்கும். மங்கிவிட்டதே என்று லென்ஸைக் கழற்றித் துடைக்கப் போகாதீர்கள், சென்சாரும் சேர்ந்து மங்கும்.

சிலிக்கா ஜெல்லிடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். தன் எடையில் அதிகபட்சம் 40 சதவீதம் நீரைத்தான் அது குடிக்கும். 5 கிராம் பொட்டலம் என்றால் 2 மில்லி, ஏறக்குறைய 40 சொட்டு. ஒரு நனைந்த தோள்பட்டியில் அதைவிட அதிகம் இருக்கும். ஆகவே முதலில் துடைத்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்தி, பிறகுதான் ரப்பர் விளிம்புள்ள பெட்டியில் ஜெல்லோடு வைக்க வேண்டும். சின்னப் பெட்டிக்கு 100 கிராம் போடுங்கள், இன்னொரு 100 கிராம் மூடிய பையில் மாற்றுக்கு இருக்கட்டும். நிறம் மாறும் வகை ஜெல்லில் ஆரஞ்சு மணிகள் பச்சையானால் நிறைந்துவிட்டது என்று பொருள். வீட்டுக்கு வந்து 120 டிகிரி ஓவனில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்தால் திரும்பவும் வேலை செய்யும்.

நனைந்தே விட்டால்? உடனே அணையுங்கள். அடுத்து, வெளிப்பக்கத்தைத் துடைத்த பிறகே பேட்டரி மூடியைத் திறங்கள், ஏனென்றால் மூடி விளிம்பில் நிற்கும் நீர் திறந்ததும் உள்ளே ஓடும். பேட்டரி, கார்டு இரண்டையும் எடுத்து, ஒன்றிரண்டு நாள் உலரவிடுங்கள். நடுவில் ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று ஆன் செய்வதுதான் பிழைக்க வேண்டிய கேமராவைக் கொல்வது. ஈரத்தோடு மின்சாரம் சேர்ந்தால் அரிப்பு வேகம் பிடிக்கும். ஹேர் டிரையர் வேண்டாம், அது ஈரத்தை உள்ளே தள்ளும். அரிசி மூட்டைக்குள் புதைப்பதில் மாவுத்தூசி உள்ளே போவதுதான் மிச்சம். கடல் சாரலாக இருந்தால் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, அப்புறம் உலர்ந்த துணி. உப்பு ஒட்டியிருந்தால் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

ஊர் திரும்பிய சில வாரங்களில் ஒவ்வொரு லென்ஸின் வழியாகவும் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழைகள் தெரிந்தால் பூஞ்சை. அந்த லென்ஸை மற்றவற்றோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள்.