விலை கேட்டவருக்கு முதலில் பதில் சொல்லுங்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

காங்கேயத்தை அடுத்த ஒரு ஊரில் எங்களுக்கு மரச்செக்கு இருக்கிறது. மாமனார் ஆரம்பித்தது. தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய், நல்லெண்ணெய் மூன்றும் ஆட்டுகிறோம். உள்ளூர் வியாபாரத்துக்குக் குறைவில்லை. வெளியூருக்கும் பார்சல் அனுப்பலாம் என்று ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் பேஜ் ஆரம்பித்தோம். கோவையில் ஒரு ஏஜென்சியிடம் மாதம் 12,000 ரூபாய்க்கு விட்டிருக்கிறோம். தினமும் ஒரு போஸ்டர் போடுகிறார்கள். பண்டிகை வாழ்த்து, ஒரு பொன்மொழி, நடுநடுவே எங்கள் பாட்டில் படம். ஃபாலோயர்கள் ஆறாயிரத்தைத் தாண்டிவிட்டார்கள். லைக் வருகிறது, ஆர்டர் வருவதில்லை.

மார்கழியில் பெங்களூரிலிருந்து ஒரு அம்மா, "உங்கள் தேங்காய் எண்ணெய் கட்டியாகிவிட்டது, மெழுகு கலக்கிறீர்களா?" என்று கமெண்ட் போட்டிருந்தார். நான் பார்த்துப் பதில் எழுதுவதற்குள் ஏஜென்சிக்காரர்கள் அதை அழித்துவிட்டார்கள். கேட்டால், "அந்த மாதிரி கமெண்ட் இருந்தால் பேஜுக்குக் கெட்ட பெயர்" என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. மாமனாரோ, "போனையே பாத்துட்டிருந்தா செக்கு ஓடுமா அம்மிணி?" என்கிறார். எங்களைப் போன்ற சின்ன வியாபாரத்துக்கு இதெல்லாம் தேவையா? தேவை என்றால் எப்படிச் செய்வது?

ச., காங்கேயம்

*

அன்புள்ள ச.,

அந்தக் கமெண்டை அழித்ததுதான் உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தப்படுத்திய விஷயம். பேஜ் ஆரம்பித்த நாளிலிருந்து உங்களுக்குக் கிடைத்த மிக நல்ல வாய்ப்பு அது. காசு கொடுத்து எண்ணெய் வாங்கிய ஒருவர், சந்தேகம் வந்ததும் உங்களிடமே வந்து கேட்டிருக்கிறார். கேட்காமல் பாட்டிலைக் கொட்டிவிட்டு, அக்கம்பக்கத்தில் "காங்கேயத்துச் சரக்கும் கலப்படம்தான்" என்று சொல்லியிருந்தால் உங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

பதிலும் உங்கள் கையிலேயே இருந்தது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையத் தொடங்கும். மார்கழி ராத்திரியில் பெங்களூரு 16 டிகிரிக்குக்கூட இறங்கும். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால் பழையபடி இளகிவிடும். இதை நாலு வரியில் அவருக்கு எழுதிவிட்டு, ஒரு பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து, அது இளகுவதை ஒரு நிமிட வீடியோவாகப் போட்டிருக்கலாம். ஒவ்வொரு குளிர்காலத்திலும் அதே கேள்வி வரும், அதே வீடியோவை மறுபடி எடுத்துப் போடலாம். ஒன்று மட்டும்: உறைவது சுத்தத்துக்குச் சான்று என்று எழுதிவிடாதீர்கள். பாமாயிலும் குளிரில் கட்டும். உறைவதால் மட்டும் கலப்படம் என்று சொல்ல முடியாது, அவ்வளவுதான். தெரிந்ததைத் தெரிந்த அளவுக்குச் சொன்னால் அடுத்த முறை நீங்கள் சொல்வதையும் நம்புவார்கள்.

தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். தேவை. பக்கத்து ஊர்க்காரர் செக்குக்கே வந்து, கடலையைக் கையில் அள்ளிப் பார்த்து, மாமனாரிடம் நாலு கேள்வி கேட்டுவிட்டு வாங்கிப் போகிறார். சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பவருக்கு அந்த நாலு கேள்வியைக் கேட்க ஓர் இடம் வேண்டும். சமூக ஊடகத்தால் உங்களுக்கு ஆகிற பெரிய காரியம் அதுதான். அங்கே பதிவு போடுவதைவிடப் பதில் சொல்வதுதான் முதல் வேலை.

போஸ்டர் விஷயம். பொங்கல் வாழ்த்துக்காக யாரும் ஒரு எண்ணெய்ச் செக்கின் பேஜைத் தொடர்வதில்லை. 2018 ஜனவரியில் ஃபேஸ்புக் வெளிப்படையாகவே அறிவித்தது: நண்பர்கள், குடும்பத்தினர் பேசிக்கொள்வதை முன்னால் காட்டுவோம், வியாபாரப் பக்கங்களின் பதிவுகள் பின்னால் போகும் என்று. யாராவது நின்று பார்க்கிற, பதில் எழுதுகிற, இன்னொருவருக்கு அனுப்புகிற பதிவுதான் பரவும். பொன்மொழிக்கு ஒரு லைக் விழும், அதோடு சரி. அந்த லைக்கைப் போட்டவர் உங்களிடம் எண்ணெய் வாங்குகிறவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

அப்படியானால் எதைக் காட்டுவது? உங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. களத்தில் தேங்காய் காய்வதை நகரத்தில் பிறந்த பிள்ளைகள் பார்த்ததே இல்லை. நல்ல கொப்பரை எது, பூஞ்சை பிடித்தது எது என்று மாமனார் இரண்டையும் உடைத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டட்டும். எள் ஆட்டும்போது கருப்பட்டி எதற்குப் போடுகிறோம், எண்ணெய் தெளிய எத்தனை நாள் விடுகிறோம், அடியில் மண்டி தங்கினால் அது என்ன என்று சொல்லட்டும். பாட்டும் வேண்டாம், எடிட்டிங்கும் வேண்டாம். செக்கு ஓடுகிற சத்தமே போதும்.

செக்குக் கடலை எண்ணெயில் வடை போட்டால் நுரைத்துக்கொண்டு மேலே வருகிறது என்று உங்களிடம் கேட்காத வாடிக்கையாளர் இருக்க முடியாது. ரீஃபைண்டு எண்ணெயில் பசைப்பொருளை நீக்கிவிடுகிறார்கள், செக்கு எண்ணெயில் அது அப்படியே இருக்கும், அதனால் நுரைக்கிறது. வாணலியில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள், தீயை மிதமாக வையுங்கள் என்று வாணலியை அடுப்பில் வைத்தே காட்டுங்கள். கேள்வி கேட்டவரின் கமெண்டை மேலே வைத்து, கீழே பதிலாக அந்த வீடியோ. அவர் அதைத் தன் வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார். போஸ்டரை யார் அப்படி அனுப்புவார்கள்?

விலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். உங்கள் பேஜைப் பார்த்தேன். "விலை என்ன?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் "இன்பாக்ஸ் பார்க்கவும்" என்று பதில். சில கேள்விகளுக்கு அதுவும் இல்லை. ஒரு கைத்தறிப் புடவை எனக்குப் பிடித்துப்போய் இப்படித்தான் ஒரு பேஜில் விலை கேட்டேன். நாலு நாள் கழித்துப் பதில் வந்தபோது நான் வேறு இடத்தில் வாங்கி, அதைக் கட்டிக்கொண்டு ஒரு கல்யாணத்துக்கும் போய்வந்துவிட்டேன். விலை கேட்பவர் வாங்கும் மனநிலையில் கேட்கிறார். அவரைக் காக்க வைக்கவே கூடாது. விலையை மறைத்தால், ஆளைப் பார்த்து விலை சொல்வார்கள் என்றுதான் தோன்றும். சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், மொத்த விலையைத் தெளிவாகக் காட்டச் சொல்கின்றன. ஒரு லிட்டர் இவ்வளவு, ஐந்து லிட்டர் டின் இவ்வளவு, கூரியர் இவ்வளவு என்று பேஜின் உச்சியில் எப்போதும் தெரியும்படி 'பின்' (pin) செய்து வையுங்கள்.

கடை எண்ணெயைவிட உங்கள் விலை கூடத்தான் இருக்கும். அதற்காகத் தயங்க வேண்டாம். செக்கில் ஒரு லிட்டர் கடலை எண்ணெய் எடுக்க சுமார் இரண்டரைக் கிலோ பருப்பு போகிறது. அன்றைய பருப்பு விலையால் பெருக்குங்கள். ஆட்டுக்கூலி, பாட்டில், பேக்கிங் சேருங்கள். புண்ணாக்கு விற்றதில் வருவதைக் கழியுங்கள். இந்தக் கணக்கை ஒரு தாளில் மாமனார் கையெழுத்திலேயே எழுதிப் படம் எடுத்துப் போடுங்கள். 2025-இல் தேங்காய் விலை எகிறியபோது எண்ணெய் விலையும் கூடவே ஏறியது, வாங்குகிறவர்கள் திகைத்துப்போனார்கள். வெள்ளகோவில், பெருந்துறை ஏலத்தில் கொப்பரை என்ன விலைக்குப் போனது என்று வாராவாரம் இரண்டு வரி எழுதுகிற செக்குக்காரர் அந்தச் சமயத்தில் யாருக்கும் தனித்தனியாக விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. விலை இறங்கும்போதும் அதே மாதிரி எழுத வேண்டும், அதுதான் முக்கியம்.

யார் பதில் சொல்வது? எண்ணெய் தெரிந்தவர்தான். கோவையில் பத்துக் கம்பெனி பேஜைப் பார்த்துக்கொள்ளும் பையனுக்கு மண்டி எது, கலப்படம் எது என்று எப்படித் தெரியும்? அந்த 12,000 ரூபாயில் உங்கள் ஊரிலேயே படித்த ஒரு பெண்ணுக்கு அரைநாள் வேலை கொடுக்கலாம். பார்சலும் கட்டட்டும், பதிலும் எழுதட்டும். தெரியாததை எழுந்துபோய் மாமனாரிடம் கேட்டு வந்து எழுதட்டும். காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் போதும். செக்கு நிற்க வேண்டியதில்லை என்று மாமனாரிடம் சொல்லுங்கள்.

ஆர்டருக்கு வாட்ஸ்அப் பிசினஸ் வைத்துக்கொள்ளுங்கள். பொருளும் விலையும் கேட்டலாகில் போடலாம். ஆர்டர் வந்தது, பணம் வந்தது, அனுப்பியாச்சு என்று லேபிள் ஒட்டலாம். தயவுசெய்து வாடிக்கையாளர்களையெல்லாம் ஒரே குரூப்பில் சேர்க்காதீர்கள். எல்லாருடைய நம்பரும் எல்லாருக்கும் தெரியும். முன்பின் தெரியாதவர்களிடமிருந்து பெண்களுக்கு மெசேஜ் வரத் தொடங்கினால் அதற்கு நீங்கள்தான் பொறுப்பு. பிராட்காஸ்ட் லிஸ்ட் போதும்; ஒரே மெசேஜ் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும், ஒருவர் நம்பர் இன்னொருவருக்குத் தெரியாது. ஒரு லிஸ்டில் 256 பேரைச் சேர்க்கலாம், உங்கள் நம்பரைத் தன் போனில் சேமித்து வைத்தவருக்கு மட்டும் அது போய்ச் சேரும். தினமும் காலை வணக்கம் அனுப்பினால் அந்த நம்பரை அழித்துவிடுவார்கள். புது எள் ஆட்டியிருக்கிறோம், இந்த வாரம் பார்சல் வியாழக்கிழமை போகிறது என்கிற மாதிரி விஷயம் இருந்தால் மட்டும் அனுப்புங்கள்.

வாங்கியவர்களின் பெயர், நம்பர், ஊர், எது எப்போது வாங்கினார் என்பதை உங்கள் நோட்டில் ஒருமுறை எழுதிவிடுங்கள். 2020 ஜூன் 29 அன்று இந்தியாவில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. அதில் மட்டுமே ஆளைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் அத்தனை பேரையும் ஒரே நாளில் இழந்தார்கள். 2021 அக்டோபர் 4-ஆம் தேதி ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஆறு மணி நேரம்போல முடங்கின. மூன்றும் ஒரே கம்பெனி. போன மாதம் ஐந்து லிட்டர் வாங்கியவரை நோட்டைப் பார்த்துக் கூப்பிட முடிந்தால் இதெல்லாம் உங்களைப் பாதிக்காது.

புகார் வரத்தான் செய்யும். பாட்டில் ஒழுகும், கூரியர் தாமதமாகும். 2009 ஏப்ரலில் அமெரிக்காவில் வட கரோலினாவில் ஒரு டோமினோஸ் பீட்சா கடை ஊழியர்கள் இருவர், சாப்பாட்டில் அருவருப்பான வேலைகள் செய்து அதை வீடியோவாக யூடியூபில் விட்டார்கள். சில நாட்களில் பத்து லட்சம் முறைக்கு மேல் அது பார்க்கப்பட்டது. நாம் வாய் திறந்தால் இன்னும் பரவும் என்று கம்பெனி முதலில் சும்மா இருந்தது. சும்மா இருந்ததே பேச்சானது. கடைசியில் அதன் அமெரிக்கத் தலைவர் பேட்ரிக் டாய்ல் அதே யூடியூபில் வந்து மன்னிப்புக் கேட்டார். எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்து நடந்ததுதான். அந்த வருடக் கடைசியில், தங்கள் பீட்சா அட்டை மாதிரி இருக்கிறது என்று வாடிக்கையாளர்கள் திட்டியதை விளம்பரத்திலேயே காட்டி, மாவு, சாஸ், சீஸ் எல்லாவற்றையும் மாற்றிவிட்டோம் என்றார்கள். அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அது நல்லதாகத்தான் முடிந்தது. நீங்கள், "பாட்டில் ஒழுகியது எங்கள் தப்பு, வேறு அனுப்புகிறோம், இனிமேல் மூடிக்கு உள்ளே சீல் வைத்து அனுப்புவோம்" என்று எல்லாரும் பார்க்கிற இடத்திலேயே எழுதுங்கள். ஆபாசமாக எழுதுபவரை மட்டும் நீக்குங்கள், குறை சொல்பவரை நீக்காதீர்கள்.

சில விஷயங்களில் கண்டிப்பாக இருங்கள். "கொலஸ்ட்ரால் குறையும், மாரடைப்பு வராது" என்றெல்லாம் உங்கள் பேஜில் இரண்டு போஸ்டர் பார்த்தேன். உடனே எடுத்துவிடுங்கள். உணவுப் பொருளுக்கு அப்படி விளம்பரம் செய்வதைக் கட்டுப்படுத்த 2018-இலேயே தனி விதிமுறை வந்துவிட்டது. அதைவிட முக்கியம், யாராவது அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. ரிவ்யூ போடுகிறவருக்குக் காசு கொடுத்தால் அது விளம்பரம் என்று அவர் சொல்லியாக வேண்டும். ஃபாலோயர்களைக் காசுக்கு வாங்கவே வேண்டாம். பாட்டில் லேபிளில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் போட்டு வையுங்கள்.

ஏஜென்சியை நிறுத்துவதாக முடிவு செய்தால், சொல்வதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். இரண்டு பேஜுக்கும் அட்மின் யார், எந்த நம்பரிலும் எந்த மெயிலிலும் ஆரம்பித்தார்கள் என்று பாருங்கள். பல இடங்களில் ஏஜென்சி ஊழியரின் சொந்த நம்பரில் ஆரம்பித்திருப்பார்கள், அவர் வேலையை விட்டுப் போனதும் பேஜும் போய்விடும். முதலில் உங்கள் பெயரை அட்மினாகச் சேர்த்து, பாஸ்வேர்டை மாற்றி, வெரிஃபிகேஷன் மெசேஜ் உங்கள் போனுக்கு வரும்படி செய்துகொள்ளுங்கள். இதுவரை எடுத்த படங்களையெல்லாம் ஒரு பென்டிரைவில் வாங்கி வையுங்கள். அப்புறம் நிதானமாகக் கணக்கு முடித்துக்கொள்ளலாம்.

நல்லெண்ணெய் இரண்டு லிட்டர் எனக்கும் அனுப்புங்கள். கூரியர் எவ்வளவு ஆகும் என்று சொன்னால் சேர்த்தே அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா