கிரெப்பில் மூன்று வரி வருகிறது, எது செல்லும்?

கேள்வி: உபுண்டு கிளவுட் சர்வரில் பாஸ்வேர்டு லாகினை நிறுத்த, எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக் கோப்பில் (வெளியிலிருந்து லாகின் செய்ய விடும் எஸ்எஸ்எச்டி நிரலின் அமைப்புக் கோப்பு) 'பாஸ்வேர்டுஆதென்டிகேஷன் நோ' என்று மாற்றி ரீஸ்டார்ட்டும் செய்துவிட்டேன். இன்னும் பாஸ்வேர்டு கேட்கிறது. கிரெப் (கோப்பில் சொல் தேடும் கட்டளை) போட்டால் மூன்று வரி வருகிறது. எதை நம்புவது?

பதில்: அந்த மூன்றில் இரண்டு வெறும் விளக்கக் குறிப்பாகத்தான் இருக்கும். அந்தக் கோப்பில் # போட்டு எழுதியிருக்கும் குறிப்புகளுக்குள்ளும் இதே பெயர் வருவதால் கிரெப் அதையும் அள்ளிக்கொண்டு வருகிறது. பெயரை மட்டும் தேடாமல், அதற்கு முன்னால் ^\எஸ்* சேர்த்துத் தேடுங்கள் (எஸ் ஆங்கிலச் சின்ன எழுத்து). ^ என்றால் வரியின் ஆரம்பம், அடுத்தது எத்தனை ஸ்பேஸ், டேப் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. # வைத்துத் தொடங்கும் வரிகள் தானாகக் கழன்றுவிடும். மைனஸ் ஐ-யும் போடுங்கள், ஏனென்றால் எஸ்எஸ்எச்டி இந்தப் பெயர்களில் பெரிய எழுத்து சின்ன எழுத்து பார்ப்பதில்லை, கிரெப் பார்க்கும்.

சரி, இப்போது நீங்கள் எழுதிய வரி மட்டும் வரும், ஆனாலும் பிரச்சினை தீராது. நீங்கள் தேடியது ஒரே கோப்பில். உபுண்டுவில் அந்தக் கோப்பின் தலையிலேயே ஒரு இன்க்ளூட் வரி இருக்கிறது, அது எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்.டி என்ற ஃபோல்டரில் இருப்பதை முதலில் படிக்கச் சொல்கிறது. மைனஸ் ஆர் போட்டு இடிசி-க்குள் இருக்கும் எஸ்எஸ்எச் ஃபோல்டர் முழுவதையும் சுடோவோடு (நிர்வாகி அனுமதியோடு) தேடிப் பாருங்கள். கிளவுட் சர்வர் என்கிறீர்கள், அதனால் 50-கிளவுட்-இனிட்.கான்ஃப் என்ற கோப்பில் 'யெஸ்' என்று ஒரு வரி உட்கார்ந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பல மென்பொருள்களில் கடைசியில் எழுதியதுதான் செல்லும், எஸ்எஸ்எச்டி-யில் தலைகீழ்: முதலில் கண்ணில் பட்டதுதான் செல்லும். அந்த 'யெஸ்' முந்திக்கொண்டது, உங்கள் 'நோ' படிக்கப்பட்டும் பயனில்லை.

இன்னொரு வில்லங்கம் மேட்ச் பிளாக், அதாவது குறிப்பிட்ட பயனர், முகவரி போன்றவற்றுக்கு மட்டும் விதி சொல்லும் பகுதி. அது உள்தள்ளலோடு முடிவதில்லை, அடுத்த மேட்ச் வரும் வரை அல்லது கோப்பு முடியும் வரை நீளும். ஏற்கெனவே ஒரு மேட்ச் இருக்கும் கோப்பின் கடைசியில் போய் ஒரு வரி சேர்த்தால் அது அந்த பிளாக்குக்கு மட்டும்தான் பொருந்தும். ஒவ்வொரு வரியாகப் பார்க்கும் கிரெப்புக்கு இதெல்லாம் தெரியாது.

அதனால் நான் கிரெப்பை 'எங்கே எழுதியிருக்கிறது' என்று பார்க்க மட்டும் வைத்துக்கொள்கிறேன். எது நடப்பில் இருக்கும் என்பதற்கு சுடோ எஸ்எஸ்எச்டி மைனஸ் பெரிய டி. எல்லாக் கோப்பையும் படித்துவிட்டு இறுதி மதிப்புகளைக் கொட்டும். பெயர்களைச் சின்ன எழுத்தில் கொட்டும் என்பதால் இங்கேயும் மைனஸ் ஐ இல்லாமல் தேடினால் ஒன்றும் வராது, இதில் ஒருமுறை நானே அரை மணி நேரம் முழித்திருக்கிறேன். அதில் கேபிடிஇன்டராக்டிவ்ஆதென்டிகேஷன் என்ன என்றும் பாருங்கள், அது 'யெஸ்' என்றால் பாம் (லினக்ஸின் அடையாளச் சரிபார்ப்பு அமைப்பு) வழியாக பாஸ்வேர்டு கேட்கலாம்.

அப்புறம், கிரெப்பில் ஐபி முகவரி தேடும்போது புள்ளியை அப்படியே விடாதீர்கள். புள்ளி எந்த எழுத்துக்கும் பொருந்தும், 192.168.1.1 என்று தேடினால் 192.168.101.7 கூட வரும். 192\.168\.1\.1 என்று எழுதி, முழுச் சொல்லாக மட்டும் பொருத்தும் மைனஸ் டபிள்யூ சேர்த்தால் 192.168.1.10 மாதிரியானவையும் ஒதுங்கிவிடும்.

மாற்றியதும் இப்போதிருக்கும் செஷனை மூடாமல், இன்னொரு டெர்மினலில் கீ வைத்து உள்ளே போக முடிகிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள்.